ஒரு சுழி கூடிப்போன சொல்

டோர்ட்மண்ட்
15 மாசி 2025

அன்புள்ள மருமகன் இளங்கீரனுக்கு,

இந்தக் கையெழுத்து யாருடையது என்று யோசிப்பாய். என்னுடையதுதான். உன் அம்மாவின் அண்ணன் நாகமுத்து எழுதுகிறேன்.

போன சித்திரையில் தொலைபேசியில் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "மாமா, சும்மா பொறு பொறு எண்டு சொல்லாதேங்கோ. இனி போன் எடுக்க வேண்டாம். ஏதும் சொல்ல இருந்தா எழுதி அனுப்புங்கோ" என்றாய். எனக்கு எழுதத் தெரியாது என்று தெரிந்துதான் சொன்னாய். நான் கோபிக்கவில்லை. கொஞ்சம் கோபித்தேன். பிறகு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போய், சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து விட்டேன்.

மருமகன், எழுத்து என்பது என்ன அதிசயமடா. நாற்பது வருடமாக இந்த நாட்டில் கோப்பை கழுவினேன். குசினியில் உப்புப் பெட்டியையும் சீனிப் பெட்டியையும் நிறத்தை வைத்துத்தான் பிரித்தேன். இப்போது தமிழ்க் கடைக்குப் போனால் மிளகாய்த்தூள் பையில் இருக்கிறதெல்லாம் வாசிக்கிறேன். பின்னால் நிற்கிற சனம் பொறுமை இழக்கிறது. உன் யோகம் மாமி, "உவர் ஒரு பை வாசிச்சு முடிக்க அடுத்த தீபாவளி வந்திடும்" என்கிறாள்.

இந்தக் கடிதத்தை நான் முதலில் என் பாட்டில், தனியே எழுதினேன். சுலோஜனா ரீச்சர் சிவப்புப் பேனையால் திருத்தித் தந்தா. அதைப் பார்த்து இப்போது நல்ல தாளில் எழுதுகிறேன். இந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு கிழமை போனது.

ஒரு உதவி. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி வைக்கிறார்கள். தலைப்பு, ஒரு சிறிய தீவு நாடு. பிள்ளைகள் எல்லாம் மால்ட்டா என்றும் மாலைதீவு என்றும் எடுத்தார்கள். நான் நவூரு என்றேன். ரீச்சருக்கே அப்படி ஒரு நாடு தெரியாது. அவுஸ்திரேலியாவுக்கு என்று படகு ஏறிய என் மருமகனை அந்த நாட்டுக்காரர் கொண்டுபோய் இறக்கிவிட்ட இடம் அது என்று சொன்னேன்.

அந்த நாட்டின் நிலம் எப்படி, தொழில் என்ன, யார் யார் ஆண்டார்கள் என்று எழுதி அனுப்பு.

கீழே உள்ள வரி மட்டும் ரீச்சர் பார்க்காதது. என் சொந்தம்.

மாருமாகன் நீ சூகமா. காடல் எப்பிடி.

இப்படிக்கு
மாமா நாகமுத்து


நவூரு
20 பங்குனி 2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடைசி வரியை வாசித்துச் சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. நான் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் தொலைபேசி வேண்டாம் என்றது வேண்டாம்தான். ஆரின் குரலையும் என்னால் கேட்க ஏலாமல் இருக்கிறது.

போட்டிக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

நிலம். பூமத்திய ரேகைக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளி. கரையைச் சுற்றி ஒரே வீதி. காலையில் நடக்கத் தொடங்கினால் மத்தியானத்துக்கு முன் வெளிக்கிட்ட இடத்துக்கே வந்துவிடலாம். முகாமில் இருந்து என்னை வெளியே விட்டபோது நான் செய்த முதல் வேலை அதுதான். நாலைந்து தரம் சுற்றினேன். பிறகு விட்டுவிட்டேன். முகாமில் இருந்துதான் விட்டார்கள், தீவில் இருந்து இல்லை.

தீவின் நடுவில் மேட்டு நிலம். அங்கே மண் இல்லை. கிண்டி எடுத்துவிட்டார்கள். முருகைக்கல் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் கூராக நிற்கிறது. வாய் முழுக்கப் பல், ஈறு இல்லை என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கல்லின் வெக்கைக்கு மழை மேகம்கூட விலகிப் போகும் என்று இங்கே சொல்வார்கள்.

விமானம் இறங்கும்போது வீதியை மறிப்பார்கள். ஓடுபாதைக்கு வேறு இடம் இல்லை. மறித்த இடத்தில் நின்று, ஏறிப் போகிறவர்களை எல்லாரும் பார்ப்போம்.

தொழில். பறவை எச்சம் என்று சொல்லுகிற பொசுபேற்று. வேறு நாட்டு வயலுக்கு உரம். அதைக் கிண்டி விற்று ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய பணக்காரராக இருந்திருக்கிறார்கள். மெல்பேணில் மாடிக் கட்டிடம், சொந்த விமானங்கள், சொந்தக் கப்பல்கள். மண் முடிந்தது, காசும் முடிந்தது. இப்போது கடலில் மீன்பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்களுக்கு அனுமதி விற்கிறார்கள். அடுத்த தொழில் நாங்கள். எங்களை வைத்திருப்பதற்கு அவுஸ்திரேலியா காசு கொடுக்கிறது. எச்சம் முடிந்த இடத்துக்கு எங்களைக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பரிசு கிடைக்கும்.

ஆட்சி. முதலில் இந்தச் சனம் பன்னிரண்டு குலமாக இருந்தது. பிறகு ஜேர்மன்காரன். ஓம் மாமா, உங்களுடைய ஆட்கள்தான். பிறகு அவுஸ்திரேலியா. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் யப்பான்காரன் வந்து பாதிக்கு மேற்பட்ட சனத்தைக் கப்பலில் ஏற்றி வேறு தீவில் விட்டான். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. பிறகும் அவுஸ்திரேலியா. 1968 தை மாதம் சுதந்திரம். பாராளுமன்றத்தில் பத்தொன்பது பேர். அவர்களுக்குள் கை மாறினால் சனாதிபதி மாறுவார். படை இல்லை. இந்த நாட்டில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

இந்தச் சனத்தில் கோபம் இல்லை. அவர்களும் போக இடம் இல்லாமல்தான் இருக்கிறார்கள்.

கீரன்


டோர்ட்மண்ட்
27 சித்திரை 2025

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். யோகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உதவிக்கு வந்தாள். "தள்ளி இரு" என்றேன். மூன்று நாள் எடுத்தது. பல்லும் ஈறும் வருகிற இடத்தை இரண்டாம் தரம் வாசித்தேன். நீ நன்றாக எழுதுகிறாய்.

உன்னுடைய தீவு எங்களுடைய தீவாம் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இறங்கின அன்று கீழே லூக்காசைப் பிடித்தேன். அவர் இந்தக் கட்டிடத்தின் பராமரிப்பாளர். "உங்கட ஆக்கள் ஆண்ட நவூருவில என்ர மருமகன் இருக்கிறான்" என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். "நவூருவா? அது என்ன, சோப்புத் தூளா?" என்று கேட்டார். ஆண்டவர்களுக்கு மறந்துவிட்டது, மருமகன். யோகம் மட்டும், "நவ ஊரோ? புது ஊரெண்டால் நல்லதுதானே" என்றாள். ஒன்பது ஊர் என்றும் பொருள் வரும் என்று ரீச்சர் சொன்னா. நீ எழுதியதைப் பார்த்தால் ஒரு ஊருக்கே இடம் போதாது போல இருக்கிறது.

ரீச்சர் புத்தகத்தில் இன்னொன்றும் தேடித் தந்தா. ஜேர்மன்காரர் வந்தபோது அந்தக் குலங்கள் பத்து வருடமாகத் தங்களுக்குள் சுட்டுக்கொண்டு இருந்தார்களாம். தலைவர்களைப் பிடித்து அடைத்துவைத்து, துவக்கெல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் விட்டார்களாம். எனக்கு நம்முடைய இயக்கங்களின் நினைவு வந்தது. அதைக் கட்டுரையில் எழுதவில்லை. மண்டபத்தில் எல்லா இயக்கத்துக்காரரும் இருந்தார்கள்.

போட்டியில் நான் மேடை ஏறி வாசித்தேன். எச்சம் என்ற இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். பரிசு கிடைக்கும் என்று நீ சொன்ன அந்த வரி வந்ததும் பெரியவர்கள் கையைத் தட்டினார்கள். எனக்கு இரண்டாம் பரிசு, ஒரு கேடயம். முதல் பரிசு மால்ட்டாவுக்கு. கேடயத்தைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

எங்கள் மின்தூக்கி பங்குனி மாதத்தில் பழுதானது. ஒரு சாமான் வரவேண்டுமாம். நாலாம் மாடியில் இருந்து நான் கிழமைக்கு ஒரு தரம், பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இறங்குகிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் யோகம் ஒரு பிளாஸ்ரிக் முக்காலி வைத்திருக்கிறாள். மற்ற நாளெல்லாம் நானும் தீவுக்காரன்தான். எண்பத்தைந்தில் நான் வந்தபோதும் அப்படித்தான். அகதிக்காரன் நகர எல்லையைத் தாண்டக் கூடாது. ட்ராம் கடைசித் தரிப்பில் இறங்கித் திரும்ப வேண்டும்.

உன்னை இங்கே கூப்பிட முடியுமா என்று வெளிநாட்டவர் கந்தோரில் தெர்மின், அதுதான் சந்திக்க நேரம், எடுத்து ஒரு நாள் படி இறங்கிப் போய்க் கேட்டேன். மருமகன் என்றால் குடும்பம் இல்லையாம். தாய் மாமன் என்றால் தகப்பனுக்குச் சமன் என்று சொன்னேன். கந்தோரில் இருந்த பிள்ளை நல்லபடியாகத்தான் கேட்டது, ஆனால் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்றது.

நீ கொஞ்சம் பொறு. நல்லது வரும்.

மாமா நாகமுத்து

கேடயாம் பாளபாளப்பா இருக்கு.


நவூரு
3 ஆனி 2025

மாமா,

கேடயம் கிடைத்ததற்குச் சந்தோசம். நான் அடைபட்டுக் கிடக்கிற மறியலைக் கட்டுரையாக எழுதி நீங்கள் கை தட்டு வாங்கியிருக்கிறீர்கள். அவர்கள் கை தட்டினபோது நீங்கள் என்னை நினைத்தீர்களா, எழுத்தை நினைத்தீர்களா? உங்களுடைய தீவுக்கு ஒரு சாமான் வந்தால் போதும். உங்களுடைய எல்லையில் ட்ராம் நின்றது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

எழுதியதைக் கிழிக்கப் பார்த்தேன். கிழிக்கவில்லை. கோபத்தோடேயே வாசியுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வாறன். இங்கே ஒரு தாள் தருகிறார்கள். சொந்த விருப்பத்தில் இலங்கைக்குத் திரும்புகிறேன் என்று கையெழுத்து வைத்தால் விமானத்தில் ஏற்றுவார்கள். என்னோடு அறையில் இருந்தவன் வைத்தான், போய்விட்டான். மூன்றாம் நாடு ஒன்று எடுக்கும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வைத்திருக்கிறார்கள். எந்த நாடு, எப்போது என்று கேட்டால் ஆருக்கும் தெரியாது.

போனால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அண்ணனை ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவனை விசாரணையில் நான் கை காட்டினேன். அவன் இப்போதும் வெளியில், சீருடையோடு இருக்கிறான். நான் படகு ஏறமுன் இரண்டு தரம் என்னைத் தேடி வந்தார்கள். அதெல்லாம் தெரிந்தும் அந்தத் தாள் என் தலையணைக்குக் கீழே கிடக்கிறது. இங்கே பைத்தியம் பிடிப்பதும் அங்கே பிடிபடுவதும் ஒன்றுதானே என்று சில நாள் தோன்றுகிறது.

என்னால் தீர்மானிக்க ஏலாது மாமா. எனக்கு அப்பா இல்லை, அண்ணன் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். பொறு, நல்லது வரும் என்ற கதை வேண்டாம். ஒரே ஒரு சொல் போதும். அதன்படி செய்கிறேன்.

இது மாமிக்கோ ரீச்சருக்கோ தெரியக் கூடாது. மாமிக்குத் தெரிந்தால் அடுத்த நிமிடம் அம்மாவுக்குத் தெரியும். அம்மா வா வா என்று அழுவா. அந்த அழுகையைக் கேட்டால் என்னால் யோசிக்க முடியாது.

கீரன்


(தபால் அட்டை. முன்பக்கத்தில் ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயில் கோபுரம்.)

டோர்ட்மண்ட்
28 ஆனி 2025

வீடு

நாகமுத்து


டோர்ட்மண்ட்
30 ஆவணி 2025

மருமகன்,

அந்த அட்டையைக் கிழி. நான் எழுதினது அது இல்லை.

மாமியும் ரீச்சரும் தெரிந்துகொண்டுதான் இந்தக் கடிதம் வருகிறது. மன்னித்துக்கொள். ரீச்சர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கிறா. இனி என் பாட்டில் உனக்கு ஒன்றும் எழுத எனக்குத் துணிவு இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கோடை விடுமுறை முடிந்து இன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் திறந்தது. விடுமுறையில் என்ன எழுதினீர்கள் என்று ரீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டா. எனக்குப் பெருமை. ரகசியம் என்றபடியால் யாருக்கு, ஏன் என்று சொல்லவில்லை. "ஒரு சொல்தான் எழுதினன், ஆனா துணை இல்லாமல் எழுதினன்" என்றேன். "எங்கை, பலகையில எழுதுங்கோ பாப்பம் நாகமுத்தண்ணை" என்றா.

எழுதினேன். அழகாகத்தான் எழுதினேன். அந்தச் சொல்லை அட்டையில் எழுத முன்னர் பழைய பத்திரிகை ஓரங்களில் எத்தனை தரம் பழகினேன் தெரியுமா?

பிள்ளைகள் ஒரே குரலில், "வீடு" என்று வாசித்தார்கள்.

"இல்லைப் பிள்ளையள், வடிவாப் பாருங்கோ. விடு" என்றேன்.

"இல்லை, அது வீடு" என்றார்கள்.

ரீச்சர் வந்து அந்த எழுத்தின் தலையில் இருந்த சுழியை ஒரு விரலால் அழித்தா. "இப்பத்தான் அண்ணை இது விடு. நான் எத்தனை தரம் சொன்னனான், நீங்கள் எல்லா எழுத்தையும் இழுக்கிறியள் எண்டு. ஆறுதலாச் சொல்லிச் சொல்லி எழுதுறதால உங்களுக்கு எல்லாம் நெடிலா வருது." பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரீச்சர் என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டா.

நான் உனக்குச் சொன்னது விடு, கீரன். அந்தத் தாளை விடு. கையெழுத்து வைக்காதே. உன் கையில் போய்ச் சேர்ந்தது வீட்டுக்குப் போ என்ற சொல்.

இரண்டு மாதம் நான் சந்தோசமாக இருந்தேன். மருமகன் என்னிடம் யோசனை கேட்டான், நானே எழுதி அனுப்பினேன் என்று சந்தோசம். உன்னிடம் இருந்து மறுமொழி வராததை நல்ல சகுனம் என்று நினைத்தேன். சொன்னதைக் கேட்டுவிட்டான், இனி எழுத என்ன இருக்கிறது என்று.

நீ வேண்டாம் என்றாலும் இன்றைக்கு உன் தொலைபேசிக்கு எடுத்தேன். யோகம் எடுத்தாள். ரீச்சர் எடுத்தா. மணி அடிக்கிறது, நீ எடுக்கிறாய் இல்லை. நீ எடுக்காமல் இருக்கிறாயா, ஊருக்கு ஏற்றி விட்டார்களா என்று தெரியாது. உன் அம்மாவிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது.

கையெழுத்து வைத்திருந்தாலும் விமானம் ஏறும் வரையில் மாற்றலாம் என்று ரீச்சருக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் சொல்கிறார். மாற்று.

உன் மாமா


நவூரு
10 புரட்டாதி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜேர்மனியில் இருந்து ஒரு கிழமையாக அழைப்பு வருகிறது. ஏன் என்று எனக்கு விளங்குகிறது. ஆரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். உங்களோடு கதைத்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து எடுக்கவில்லை. எழுதுகிறேன்.

அந்த அட்டை ஆடி மாதக் கடைசியில் வந்தது. வாசித்த உடனேயே நீங்கள் எழுத நினைத்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடலைக் காடல் என்று எழுதுகிற ஆள் நீங்கள். ரீச்சரின் கை படாத உங்கள் எழுத்தில் குறிலே இல்லை. போகச் சொல்லி நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அதுவும் தெரியும். ஆகையால் என்னை நீங்கள் ஏமாற்றவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

தெரிந்தும் நான் அந்த அட்டையைக் கட்டிலுக்கு நேரே சுவரில் ஒட்டினேன். வீடு. இரண்டு வருடமாக ஒருவரும் என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இங்கே முகாம் என்பார்கள், தங்குமிடம் என்பார்கள், மூன்றாம் நாடு என்பார்கள். பார்க்கப் பார்க்க, மாமா சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய என்று எனக்குள் ஒருவன் கதைக்கத் தொடங்கினான். அவனுக்கு நல்ல ஆறுதலாக இருந்தது. போன கிழமை அந்தத் தாளில் கையெழுத்து வைத்துக் கந்தோருக்குக் கொண்டுபோனேன்.

அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில், சென்னைப் பக்கத்து ஆள். குரல் மட்டும் மேசையில் இருந்து வரும்.

"சார், திரும்பிப் போறதுக்கு யாராவது உங்களை வற்புறுத்தினாங்களான்னு கேக்கறாங்க."

"இல்லை. என்ர மாமா சொன்னவர்."

"சரி சார். அங்க போய் எங்க தங்குவீங்க? வீட்டு முகவரி சொல்லுங்க."

நான் ஊரின் பெயரைச் சொன்னேன். ஒழுங்கையைச் சொன்னேன். உங்களுக்குத் தெரியும், நீங்களும் அம்மாவும் பிறந்த வளவு.

"அந்த வீடு இப்போ இருக்கா சார்?"

"இருக்கோ தெரியாது. ஆமிக்காரன்ர கம்பி வேலிக்கு அங்கால கிடக்கு. எங்களை உள்ள விடாயினம்."

"அப்போ அதைப் போட முடியாதாம். ஆள் தங்கற முகவரி வேணும்னு சொல்றாங்க. அம்மா இருக்காங்களா? அவங்க எங்க இருக்காங்க?"

அம்மா வாடகைக்கு இருக்கிற அறை. பின்பக்கத்தால் ஒரு வாசல், முன்னால் ஒரு தகரப் படலை. அந்த முகவரி இந்தத் தாளில் இருந்து கொழும்புக்குப் போகும். விமான நிலையத்தில் என்னை விசாரிக்கிறவனின் மேசையில் இருக்கும். பிறகு என்னைத் தேடுகிறவர்கள் அந்தத் தகரப் படலையைத்தான் தட்டுவார்கள். திறக்கிறது அம்மாவாக இருக்கும். அண்ணனைத் தேடி வந்த அன்றைக்கும் அம்மாதான் திறந்தா.

இதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும். பிடிபடுகிறது நான், சாகிறது நான் என்று என்னை மட்டும்தான் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"அம்மான்ர விலாசம் தரமாட்டன்" என்றேன்.

அந்தப் பெண் ஏதோ கேட்டா. குரல் அதைத் தமிழாக்கியது. "முகவரி இல்லாம இதை அனுப்ப முடியாதாம். அப்போ திரும்பிப் போகலையா?"

தாளைத் திருப்பித் தரச் சொன்னேன். அதற்கும் ஒரு தாள் இருந்தது. விருப்பத்தை மீளப் பெறுகிறேன் என்று அதில் கையெழுத்து வைத்தேன். வைக்கும்போது மாமா, நெஞ்சு ஆறவில்லை. துணிந்த ஆளாகவும் உணரவில்லை. ஒரு கதவு சாத்துகிறபோது அதன் கைபிடியில் என் கைதான் இருக்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது. இனி எந்த நாடு வரும், வராது என்று எனக்குத் தெரியாது. இங்கே கிழவன் ஆகலாம்.

அந்தப் பெண் முகத்தில் இரக்கம் இருந்தது. கெட்டவ இல்லை. இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டா.

"இருக்கிறன்" என்றேன்.

மேசையில் இருந்து குரல் வந்தது. "சார், இதை எப்படிச் சொல்றது? இங்கயே தங்கறேன்னு சொல்றீங்களா, உயிரோட இருக்கேன்னு சொல்றீங்களா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

அவர் ஆங்கிலத்தில் நெடுக ஏதோ சொன்னார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டுத் தட்டெழுத்தில் ஒரே ஒரு சொல்லை அடித்தா. மிகவும் சின்னச் சொல். என்ன என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

உங்கள் மருமகன்
இளங்கீரன்